முதுகுவலியில் பிறந்த சோதனை

(நேரலையாக நடந்த இணைய இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இலக்கியக் கூட்டத்தில் பள்ளிக்கூட உடற்தகுதிச் சோதனையைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு செவிலியர். நர்சிங் டிப்ளமா முடித்து இருபது வருடங்களுக்கு மேலாக வார்டில் நிற்பவள். மனித உடம்பின் வரலாறு எனக்கு இலக்கியத்துக்குப் பக்கத்து வீடு. இன்று சொல்லப்போகும் வரலாற்றில் ஒரு மலையேறும் மருத்துவர் வருகிறார், இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா ஒருவர் வருகிறார், அமெரிக்க அதிபர்கள் வருகிறார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸ்கூட ஓரிடத்தில் தலைகாட்டிவிட்டுப் போகிறார்.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜூலை 31 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். 2012–13 கல்வியாண்டோடு நிறுத்தப்பட்ட 'அதிபரின் உடற்தகுதிச் சோதனை'யை மீண்டும் கொண்டுவருவதற்கான ஆணை அது. செய்தி வந்ததும் அமெரிக்காவில் நடுவயதில் இருக்கும் பலர் தங்கள் பள்ளி நாட்களை நினைத்துக்கொண்டார்கள். சிலருக்குப் பெருமை. சிலருக்கு இன்னும் ஆறாத அவமானம். கம்பியில் தொங்கியபடி ஒரு புல்-அப்கூட எடுக்க முடியாமல், மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க இறங்கி வந்த ஞாபகம். ஒரே சோதனை எப்படி ஒருவருக்குப் பதக்கமாகவும் இன்னொருவருக்குத் தழும்பாகவும் ஆனது? அதைப் புரிந்துகொள்ள அது பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடம் விளையாட்டு மைதானம் அல்ல, ஒரு மருத்துவமனை.

ஹான்ஸ் கிரௌஸ் என்ற மருத்துவர் 1905இல் டிரியெஸ்ட் நகரில் பிறந்தார். இன்று இத்தாலியில் இருக்கும் அந்தத் துறைமுக நகரம் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. சிறுவனாக இருந்தபோது அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பிழைப்புக்காக ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த எழுத்தாளர் அவர். கிரௌஸ் வியன்னாவில் மருத்துவம் பார்த்தார். நாஜிகளின் கை ஓங்கிய காலத்தில், 1938இல், குடும்பத்தோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். புலம்பெயர்ந்த ஒருவரின் கதைதான் இதுவும்.

எலும்பு முறிவும் சுளுக்கும் பார்க்கும் மருத்துவராக இருந்த அவருக்கு மலையேறுவதில் தீராத ஆசை. உடம்பை அசையாமல் கட்டிப்போடுவதைவிட, வலியைக் குறைத்து மெல்ல அசைக்கவைப்பதே பல காயங்களுக்கு நல்லது என்று அவர் அனுபவத்தில் கண்டார். அப்போதைய மருத்துவம் சுளுக்கென்றாலே கட்டுப்போட்டுப் படுக்கவைக்கும். கிரௌஸ் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தெளித்து, நோயாளியை நடக்கவிடுவார். இன்று எங்கள் வார்டில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி நாலடி நடக்கவைக்கிறோம். "இவ்வளவு சீக்கிரமா சிஸ்டர்?" என்று அவர்கள் முகத்தைச் சுளிக்கும்போது எனக்குக் கிரௌஸ் நினைவு வரும்.

1940களில் கொலம்பியா-பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் கிரௌஸும் சோன்யா வெபர் என்ற மருத்துவரும் முதுகுவலிக்காரர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எக்ஸ்-ரே எடுத்தால் பெரும்பாலானவர்களின் எலும்பில் குறை ஏதும் தெரியவில்லை. வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் பலவீனமாக இருந்தன, அல்லது தொடையின் பின்தசை இறுகிப்போயிருந்தது. எந்தத் தசை குறைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் ஆறு சிறிய அசைவுகளை வகுத்தார்கள். மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடி ஒருமுறை எழுந்து உட்காருவது. முழங்காலை மடித்துக்கொண்டு ஒருமுறை எழுவது. மல்லாந்தபடியே இரு கால்களையும் கொஞ்சம் தூக்கி 10 நொடி நிறுத்துவது. வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப்படுத்து மேலுடலை 10 நொடி தூக்கிப்பிடிப்பது. அதேபோல் கால்களைத் தூக்கிப்பிடிப்பது. கடைசியாக, நின்றபடி முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட்டு 3 நொடி இருப்பது.

அவ்வளவுதான். இதில் ஓட்டமில்லை, போட்டியில்லை, இவ்வளவு எண்ணிக்கை எடுக்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு முறைதான். இது ஒரு குறைந்தபட்ச அளவு. இதற்குக் கீழே போனால் இந்த முதுகு அன்றாட வாழ்க்கையைத் தாங்காது என்று சொல்லும் கோடு. எந்த அசைவில் தோற்கிறார்களோ அந்தத் தசைக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள், வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தார்கள். சோதனையும் சிகிச்சையும் ஒரே அறையில் இருந்தன. இந்த வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரலாறு முழுக்க இவை இரண்டும் பிரிந்து போவதைத்தான் பார்க்கப்போகிறோம்.

கிரௌஸோடு மலையேறும் நண்பர் வட்டத்தில் பானி பிரடன் என்ற பெண் இருந்தார். 1914இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் ஷவாங்கங்க் என்ற பாறைமலைத் தொடரில் அவர் பெயர் தாங்கிய ஏற்றப்பாதை இன்றும் இருக்கிறது. தன் இரண்டு மகள்களின் பள்ளியில் உடற்கல்வி வகுப்பு பெயருக்கு நடப்பதைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துத் தானே வகுப்பெடுக்கத் தொடங்கினார். கிரௌஸின் ஆறு அசைவுகளை அந்தப் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தார். தன்னிடம் தொடர்ந்து வந்தவர்கள் தேறினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் தோற்றார்கள். கிரௌஸுக்கும் ஆர்வம் பிறந்தது. இருவரும் அமெரிக்கப் பிள்ளைகள் 4,000க்கும் மேற்பட்டவர்களையும், ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து பிள்ளைகள் ஏறக்குறைய 3,000 பேரையும் சோதித்தார்கள்.

வந்த எண்கள் இவை. அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதம் பேர் ஆறில் ஒன்றிலாவது தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் 8.7 சதவீதம்.

கிரௌஸ் இதற்குச் சொன்ன காரணம் எளிமையானது. அமெரிக்கப் பிள்ளை பள்ளிக்குக் காரிலோ பேருந்திலோ போகிறது, மாலையில் தொலைக்காட்சி முன் உட்காருகிறது. போரில் அடிபட்ட ஐரோப்பாவின் பிள்ளை நடக்கிறது, மலையேறுகிறது, வீட்டு வேலை செய்கிறது. ஓர் ஒற்றுமையைப் பாருங்கள். அதே 1953இல் லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் இரண்டடுக்குப் பேருந்து ஊழியர்களைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அசையாமை ஒரு நோய்க்காரணி என்ற எண்ணம் மருத்துவத்துக்குள் அப்போதுதான் நுழைகிறது. கிரௌஸ் பின்னர் 1961இல் வில்ஹெல்ம் ராப் என்ற மருத்துவரோடு சேர்ந்து, அசைவுக்குறை நோய்கள் என்ற பொருளில் ஒரு நூலே எழுதினார்.

ஆனால் அந்த எண்கள் மருத்துவ இதழோடு நிற்கவில்லை. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் கெல்லி அதைப் படித்தார். ஒலிம்பிக் படகோட்டி, நடிகை கிரேஸ் கெல்லியின் தந்தை. அவர் பென்சில்வேனியா செனட்டர் ஜேம்ஸ் டஃப்பிடம் சொன்னார். டஃப் அதிபர் ஐசன்ஹோவரிடம் கொண்டுபோனார். 1955 ஜூலை 11 அன்று வெள்ளை மாளிகையில் ஒரு மதிய விருந்து. விளையாட்டுப் பிரபலங்கள் நடுவில் கிரௌஸும் பிரடனும் தங்கள் முடிவுகளை விளக்கினார்கள். அடுத்த மாதம் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் இதை அதிபரையே அதிரவைத்த அறிக்கை என்று தலைப்பிட்டு வெளியிட்டது.

ஐசன்ஹோவர் படைத்தலைவராக இருந்தவர். கொரியப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எதிரில் சோவியத் யூனியன். 57.9 என்ற எண்ணை அவரைச் சுற்றி இருந்தவர்கள் முதுகுவலியின் கணக்காகப் படிக்கவில்லை. நாளைய சிப்பாய்களின் கணக்காகப் படித்தார்கள். அதே செப்டம்பரில் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்ததால் திட்டமிட்ட மாநாடு தள்ளிப்போனது. 1956 ஜூனில் அது நடந்த இடம் அன்னாபொலிஸ் நகரின் கடற்படைக் கல்லூரி. ஜூலை 16 அன்று, இளையோர் உடற்தகுதிக்கான அதிபரின் மன்றம் உருவானது.

போர்ப் பயம் பிள்ளைகளின் உடம்பை அளக்கவைப்பது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. போயர் போரின்போது பிரிட்டனில் படைக்குச் சேர வந்த ஏழை இளைஞர்கள் பலர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாடே பதறியது. ஒரு குழு அமைத்து 1904இல் அறிக்கை வாங்கினார்கள். அதன் பலனாக 1906இல் பள்ளிகளில் உணவு வழங்க வழிசெய்யும் சட்டம் வந்தது. 1907இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. பள்ளிச் செவிலியர் என்ற என் சகோதரிகளின் வேலை பரவலானதும் அதற்குப் பிறகுதான். நோக்கம் சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றுவது என்றாலும், பிள்ளையின் கைக்கு வந்தது ஒரு தட்டுச் சோறு. அமெரிக்காவில் பிள்ளையின் கைக்கு வந்தது வேறு.

அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர்கள் கிரௌஸின் சோதனையை ஏற்கவில்லை. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. இது முதுகுக்கான மருத்துவச் சோதனை, முழு உடற்தகுதியை இது அளக்காது. இதயமும் நுரையீரலும் எப்படி வேலை செய்கின்றன என்று இதில் தெரியாது. அமெரிக்கத் தோல்விகளில் பெரும்பங்கு குனிந்து தரையைத் தொடும் ஓர் அசைவில் வந்தது. சோதிக்கப்பட்ட பிள்ளைகளும் அந்தந்த நாடு முழுவதையும் பிரதிநிதிப்படுத்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. எல்லாம் சரி. ஆனால் மாற்றாக அவர்கள் கொண்டுவந்தது என்ன?

அமெரிக்க உடற்கல்விச் சங்கம் 1957–58இல் நாடு முழுவதும் 5 முதல் 12ஆம் வகுப்பு வரை ஏறக்குறைய 8,500 பிள்ளைகளைச் சோதித்து ஒரு புதிய சோதனையை அமைத்தது. புல்-அப், சிட்-அப், ஷட்டில் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், 50 கஜ ஓட்டம், 600 கஜம் ஓட்டமோ நடையோ, சாஃப்ட்பால் எறிதல். பந்து எறிவது எப்படி உடல்நலத்தைக் காட்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கையெறி குண்டு வீசுவதோடு அதை இணைத்துப் பேசியவர்கள் அப்போதே உண்டு. கவனியுங்கள், கேள்வி மாறிவிட்டது. கிரௌஸ் கேட்டது, 'இந்தப் பிள்ளைக்கு எது குறைகிறது?' புதிய சோதனை கேட்டது, 'இந்தப் பிள்ளை மற்றவர்களைவிட எவ்வளவு முன்னால் இருக்கிறது?'

இதற்குள் ஜான் கென்னடி வந்துவிட்டார். அதிபராகத் தேர்வாகி, பதவியேற்கும் முன்பே, 1960 டிசம்பர் 26 தேதியிட்ட 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் 'மென்மையாகிப்போன அமெரிக்கர்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். கிரௌஸ்–வெபர் எண்களை அதில் எடுத்துச் சொன்னார். மன்றத்தின் பொறுப்பை பட் வில்கின்சன் என்ற கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளரிடம் கொடுத்தார். கலிபோர்னியாவில் லா சியரா என்ற உயர்நிலைப் பள்ளி நாட்டுக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. அங்கே மாணவர்கள் தங்கள் உடற்தகுதி நிலைக்கேற்ப வெவ்வேறு நிறக் கால்சட்டை அணிந்தார்கள். யார் எந்தப் படியில் இருக்கிறார் என்று தூரத்திலிருந்தே தெரியும். பள்ளிகளில் உடற்பயிற்சிக்கு ஒலிபரப்ப ராபர்ட் பிரெஸ்டன் பாடிய இசைத்தட்டு வந்தது. 1963இல் 50 மைல் நடைப்பயணம் ஒரு மோகமாகவே பரவியது. அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி பனிக்குளிரில் சாதாரண ஷூ போட்டுக்கொண்டு அந்த 50 மைலையும் நடந்து முடித்தார்.

இந்த இடத்தில்தான் வரலாறு ஒரு நாவலாசிரியர்போல நடந்துகொள்கிறது. அமெரிக்கர்கள் மென்மையாகிவிட்டார்கள் என்று எழுதிய கென்னடி, குனிந்து தன் ஷூவை மாட்டவே சிரமப்படும் அளவு முதுகுவலிக்காரர். 1954இல் முதுகில் அறுவை சிகிச்சை நடந்து உயிர் பிழைத்ததே பெரிது என்றானது. 1955இல் மறுபடி அறுவை சிகிச்சை. 1961 மே மாதம் கனடாவுக்குப் போனபோது ஒட்டாவாவில் ஒரு மரக்கன்று நடக் குனிந்தார், முதுகு பிடித்துக்கொண்டது. அதன்பின் வெள்ளை மாளிகைக்குள் ஊன்றுகோலோடு நடந்தார். வலிக்கு ஊசிமேல் ஊசி. அந்த ஆண்டு அக்டோபரில் அவரிடம் அழைத்துவரப்பட்ட மருத்துவர் யார் தெரியுமா? ஹான்ஸ் கிரௌஸ்.

கிரௌஸ் அவருக்குச் செய்ததும் பழைய வேலையைத்தான். எந்தத் தசை பலவீனம், எது இறுக்கம் என்று பார்த்தார். வாரத்தில் சில நாட்கள் மெல்லிய உடற்பயிற்சி கொடுத்தார். மாதங்கள் போகப்போக அதிபரின் முதுகு தேறியது. முதுகைத் தாங்கிப் பிடிக்கும் இறுக்குக் கச்சையையும் விட்டுவிட வேண்டும் என்பது கிரௌஸின் விருப்பம். 1963 நவம்பர் 22, டல்லாஸ் நகரில் சுடப்பட்ட அன்று கென்னடி அந்தக் கச்சையை அணிந்திருந்தார்.

ஒரு பக்கம், மூடிய அறையில் ஒரு மனிதருக்கு அவருடைய குறையை மட்டும் பார்த்து, அவருடைய வேகத்தில் சிகிச்சை. மறுபக்கம், அதே மனிதரின் பெயரால் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு மைதானத்தில் விசில் ஊதிப் போட்டி. அதிபருக்குக் கிடைத்த அந்தரங்கம் பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. வார்டில் ஒரு நோயாளியின் எடையைப் பார்ப்பதற்குக்கூட நாங்கள் திரையை இழுத்துவிடுகிறோம். அந்தத் திரை மருத்துவத்தின் பாதி.

1966இல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் 'அதிபரின் உடற்தகுதி விருது' வந்தது. ஏழு சோதனைகளிலும் 85ஆம் பர்சென்டைலை எட்டினால் விருது. அதாவது ஒவ்வொன்றிலும் நூற்றில் 85 பேரை முந்த வேண்டும். வார்டுக் கணக்கில் சொன்னால் உங்களுக்குப் புரியும். நூறு பேருக்குக் காய்ச்சல் பார்க்கிறோம். வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் 15 பேருக்குப் பதக்கம் குத்தி அனுப்புகிறோம். மீதி 85 பேரையும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகச் சொல்கிறோம். அதற்குப் பெயர் சிகிச்சையா? பின்னாளில் நடுமதிப்பை எட்டியவர்களுக்கும், பங்கேற்றவர்களுக்கும் தனி விருதுகள் சேர்க்கப்பட்டன. ஆனாலும் தோற்ற பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வது என்று சொல்ல யாரும் இல்லை. அடுத்த ஆண்டு அதே கம்பி, அதே விசில்.

இது பிள்ளைகளின் உடம்பைப் பலப்படுத்தியதா? 1985இல் மன்றமே நடத்திய நாடு தழுவிய ஆய்வில், 6 முதல் 12 வயதுச் சிறுவர்களில் நான்கில் ஒருவரால் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியவில்லை. பெண் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் அப்படியே. விருது தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அளந்துகொண்டே இருந்தார்கள். அளப்பதால் மட்டும் ஒரு பிள்ளை வளர்வதில்லை என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

மாற்றம் மெதுவாக வந்தது. 1976 திருத்தத்தில் சாஃப்ட்பால் எறிதல் நீக்கப்பட்டது. காலை நீட்டியபடி எடுக்கும் சிட்-அப் போய், முழங்கால் மடித்து எடுப்பது வந்தது. 1980இல் உடல்நலத்தோடு தொடர்புடையவற்றை மட்டும் அளக்கும் ஒரு சோதனை வெளியானது. 1982இல் டல்லாஸில் உள்ள கூப்பர் நிறுவனம் 'ஃபிட்னஸ்கிராம்' என்ற முறையைத் தொடங்கியது. டெலிகிராம்போலப் பெற்றோருக்குப் போகும் ஒரு சேதி என்பது அந்தப் பெயரின் கருத்து. பின்னர் அது பர்சென்டைலையே கைவிட்டது. இந்த வயதில், ஆணோ பெண்ணோ, உடல்நலத்துக்கு இந்த அளவு போதும் என்று ஒரு வரம்பை வைத்து, அதற்குள் இருக்கிறாயா என்று மட்டும் கேட்டது. வகுப்பில் எல்லோருமே அந்த வரம்புக்குள் வரலாம். முதலிடமும் கடைசி இடமும் இல்லை. கிரௌஸின் பழைய கோடு வேறு வடிவத்தில் திரும்பி வந்ததென்று நான் நினைக்கிறேன்.

அதே 1980களின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் லூக் லெஜே 20 மீட்டர் ஷட்டில் ஓட்டத்தை அமைத்தார். உங்கள் பிள்ளைகள் 'பீப் டெஸ்ட்' என்று சொல்வது இதுதான். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு அரைக் கிலோமீட்டர் வேகம் கூடும். பீப் ஒலிக்கும்முன் மறுகோட்டைத் தொட வேண்டும். இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்பதை மைதானத்திலேயே மதிப்பிட நல்ல வழி. 2012இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்த சோதனைகளில் இந்த ஓட்டமும், கைப்பிடி வலுவும், நின்று தாண்டுதலும் இருந்தன. ஆனால் இதிலும் ஒரு சங்கடம் உண்டு. முதலில் நிற்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கருவி நல்லதாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கை முக்கியம்.

சிங்கப்பூரில் இருந்து கேட்பவர்கள் இந்நேரம் தங்கள் கதையை நினைத்திருப்பீர்கள். அங்கே 'நாப்ஃபா' சோதனை 1982இல் வந்தது. சிட்-அப், நின்று தாண்டுதல், உட்கார்ந்து எட்டுதல், புல்-அப், ஷட்டில் ஓட்டம், கடைசியில் நீண்ட ஓட்டம், மேல்வகுப்புகளுக்கு 2.4 கிலோமீட்டர். தேசியச் சேவைக்குப் போகும் இளைஞர்கள் முன்கூட்டியே போதிய தகுதி காட்டாவிட்டால் ஏறக்குறைய இரண்டு மாதம் கூடுதல் பயிற்சி. அங்கும் பள்ளி மைதானத்துக்கும் படை முகாமுக்கும் நடுவே ஒரு கதவு திறந்தே இருக்கிறது. 1992இல் பருமனான மாணவர்களுக்கென்று 'டாஃப்' திட்டம் வந்தது. ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்', அதாவது கொழுப்பு, குண்டு. கேலிக்குப் பிள்ளைகள் வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை. பருமனான மாணவர்களின் விகிதம் அந்த ஆண்டுகளில் குறையவும் செய்தது. இருந்தாலும் 2007இல் அரசு அந்தத் திட்டத்தை முடித்து, எல்லா மாணவர்களுக்குமான முழுமையான உடல்நலத் திட்டத்துக்கு மாறியது.

இந்தியாவுக்கு அமெரிக்க உடற்கல்வி வந்த வழிகளில் ஒன்று நம் சென்னை. கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு ஒய்.எம்.சி.ஏ. என்ற பெயர் சிறு வயதிலிருந்தே பழக்கம். அதன் முக்கோணச் சின்னம் உடல், மனம், ஆன்மா மூன்றையும் குறிக்கும். அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்த ஆசிரியர்கள் தென்னிந்தியப் பள்ளிகள் எங்கும் பரவினார்கள். பிற்காலத்தில் கிரௌஸ்–வெபர் சோதனையும் அமெரிக்கச் சங்கத்தின் சோதனையும் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்விப் பாடத்திலேயே சில ஆண்டுகள் இடம்பெற்றன. முதுகுவலிக்காரர்களின் ஆறு அசைவுகளை நம் பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்தார்கள். 2019 முதல் 'கேலோ இந்தியா' மதிப்பீட்டில் 50 மீட்டர் ஓட்டமும் 600 மீட்டர் ஓட்டமும் இருக்கின்றன. கஜம் மீட்டராகியிருக்கிறது.

இனி என் தொழில் சார்ந்த ஒரு விஷயம். 1968இல் உலக சுகாதார நிறுவனம் வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிய ஒரு சிறு நூலை வெளியிட்டது. நோய் அறிகுறி இல்லாத மக்களிடம் எப்போது சோதனை நடத்தலாம் என்பதற்கான விதிகள் அதில் இருக்கின்றன. கண்டுபிடித்தால் கொடுப்பதற்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், அதற்கான வசதியும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. ஒருவரிடம் குறையிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெறுமனே திருப்பி அனுப்புவது மருத்துவத்தில் சரியல்ல. பள்ளி மைதானத்துக்கு இந்த விதியை யாரும் கொண்டுபோகவில்லை.

கொண்டுபோகாததன் விளைவை எண்களிலேயே பார்க்கலாம். நியூயார்க் பள்ளிகளில் ஃபிட்னஸ்கிராம் அறிக்கையில் 'அதிக எடை' என்று குறிக்கப்பட்ட பெண் பிள்ளைகளையும், மயிரிழையில் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. அந்த முத்திரையால் அவர்கள் எடை குறையவில்லை. கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் ஏறக்குறைய 29,000 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு அதற்குப் பிறகு வந்தது. பி.எம்.ஐ. அறிக்கையை வீட்டுக்கு அனுப்பியதால் எடையில் மாற்றம் ஏதுமில்லை. தங்கள் உடம்பின்மீது பிள்ளைகளுக்கு இருந்த திருப்திதான் குறைந்ததுபோலத் தெரிந்தது.

அதனால் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இரத்த அழுத்தம் பார்க்காமல் இரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுக்க முடியாது. கிரௌஸ் கண்டது உண்மை. உட்கார்ந்தே வளரும் பிள்ளையின் முதுகும் இதயமும் நாற்பது வயதில் எங்கள் வார்டுக்குத்தான் வந்து சேர்கின்றன. நம் தெற்காசிய உடம்புக்கு நீரிழிவும் இதயநோயும் இளவயதிலேயே வருகின்றன என்பது இங்கே பலருக்குச் சொந்த வீட்டிலேயே தெரிந்த செய்தி. நம் பிள்ளைகள் ஓட வேண்டும். ஆனால் எதற்காக அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து உடற்தகுதித் தாளைக் கொண்டுவந்தால், மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகளை ஆசிரியரிடம் கேளுங்கள். இந்த முடிவு யார் யாருக்குத் தெரியும்? என் பிள்ளையை எதோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், உடல்நலத்துக்கான வரம்போடா, பக்கத்தில் ஓடிய பிள்ளையோடா? குறை இருக்கிறதென்றால் அடுத்த திங்கட்கிழமை முதல் என்ன செய்யப்போகிறோம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்கும் பள்ளியில் சோதனை நடக்கட்டும், நல்லது. பதில் இல்லாத பள்ளியில் நடப்பது வெறும் கணக்கெடுப்பு.

பானி பிரடன் 2011 வரை வாழ்ந்தார். கிரௌஸ் 1996இல் மறைந்தார். முதுமைவரை முதுகுவலிக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வகுத்த ஆறு அசைவுகளுக்கு ஒரு பாயும் தலையணையும் போதும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் எல்லோரும் செய்து பார்க்கலாம், முதுகில் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. எதில் தோற்கிறீர்களோ அதைப் பிள்ளையோடு சேர்ந்து பழகுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பதக்கம் கிடைக்காது. முதுகு நன்றி சொல்லும்.